கனவு நாட்டில் கண்ட உண்மை

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் செல்லும் சாலையில் மாலைப் பொழுதில் தொழிற்சாலைப் பேருந்துகள் வந்து நிற்க, சீருடை அணிந்த இளம்பெண்கள் கூட்டம் கூட்டமாக இறங்கி விடுதிகளை நோக்கி நடப்பார்கள். அண்மையில் அப்பகுதி அன்பர் ஒருவர் என்னிடம், "ஹஜ்ரத், மகள் படித்து முடித்துவிட்டாள். கம்பெனி வேலைக்கு அனுப்பினால் ஊர் என்ன சொல்லும்?" என்று கேட்டார். மார்க்கம் என்ன சொல்லும் என்று அவர் கேட்கவில்லை!

மார்க்கத்திற்கும் ஊர் வழக்கத்திற்கும் இடையே உள்ள இந்த வேறுபாட்டை நூறாண்டுகளுக்கு முன்பே ஒரு விந்தைப் பயணக் கதையால் விளக்கினார் ஒரு முஸ்லிம் பெண்மணி. வங்காளத்தின் ரங்க்பூர் மாவட்டத்தில் 1880இல் பிறந்த ரொக்கையா சகாவத் ஹுசைன்தான் அவர். அண்ணன் இரவில் ரகசியமாகக் கற்பித்த ஆங்கிலத்தில் அவர் எழுதிய 'சுல்தானாவின் கனவு' 1905இல் வெளிவந்தது. வெளியிட்டது நம் சென்னை நகரிலிருந்து கமலா சத்தியநாதன் நடத்திவந்த 'இந்தியன் லேடீஸ் மேகசின்' என்பது நாம் பெருமைப்படத்தக்க செய்தி.

கதையில் சுல்தானா கண்ணயர்ந்து பெண்கள் நாட்டுக்குச் செல்கிறாள். வீதியில் கூசி நடக்கும் அவளைப் பார்த்து, ஆண்பிள்ளை போல் நாணுகிறாளே என்று அந்நாட்டார் நகைக்கின்றனர். காரணம், அங்கே ஆண்களே வீட்டுக்குள் அடைபட்டவர்கள். பெண்களின் பல்கலைக்கழகங்கள் மேகத்திலிருந்து நீரையும் கதிரவனிடமிருந்து வெப்பத்தையும் சேகரிக்கின்றன. அவற்றை வீண்கனவு என்று எள்ளிய ஆண்கள் போரில் தோற்றபோது, அந்த வெப்பத்தைப் பாய்ச்சிப் பகைவரை விரட்டியவர்கள் பெண்களே. பித்தர் வெளியே திரியத் தெளிந்தவரை அடைத்துவைப்பது என்ன நியாயம் என்ற கேள்வியும் கதையில் எழுகிறது.

இதை நேரடியாகக் கட்டுரையாக எழுதினால் என்ன? எழுதலாம், ஆனால் முதல் வரியிலேயே படிப்பவர் சினம் கொள்வார். பழகிய வழக்கம் மூக்கின்மேல் இருக்கும் கண்ணாடி போன்றது, அணிந்திருப்பதே தெரியாது. அதைக் கழற்றித் தொலைவில் ஓர் அயல்நாட்டில் வைத்துக் காட்டினால், முதலில் சிரிப்பு வரும். பிறகுதான் அது நம் கண்ணாடி என்பது புரியும். புரிந்தபின் சினம் கொள்ள வழியில்லை.

அரபி இலக்கியம் இந்த உத்தியை முன்பே அறியும். குழந்தைப் பருவத்தில் அம்மையால் பார்வை இழந்த அபுல் அலா அல்மஅர்ரீ, ஏறத்தாழ 1033இல் எழுதிய 'ரிஸாலத்துல் குஃப்ரா'னில், தமக்குக் கடிதம் எழுதிய இப்னுல் காரிஹ் என்பவரையே மறுமைக்கு அனுப்பிவைக்கிறார். அந்த மனிதர் சொர்க்கத்தின் காவலரான ரிள்வானையும் புகழ்ப்பாட்டால் இணங்கவைக்கப் பார்க்கிறார்! அரசவையில் செல்லும் முகத்துதி அங்கே செல்லவில்லை. நகைக்கப்படுவது மறுமையன்று, முகத்துதியே.

ரொக்கையாவும் அவ்வாறே தீனை நகைக்கவில்லை. கல்வி தேடுவது கடமை என்ற நபிமொழியைப் பெண்களுக்கு மட்டும் மறைத்த வழக்கத்தையே நகைத்தார். சிரிப்புக்குப் பின்னே துயரமும் இருந்தது. அந்தத் துயரத்தை 1931இல் வெளியான 'அவரோதபாசினி' என்னும் நூலில் 47 நிகழ்ச்சிகளாக வெளிப்படையாகவே எழுதினார். இருப்புப்பாதையில் விழுந்த ஒரு பெண்ணை அந்நிய ஆண்கள் தொடலாகாதெனப் பணிப்பெண் தடுக்க, அவள் ரயிலில் அடிபட்டு மாண்ட செய்தி அவற்றுள் ஒன்று.

கனவோடு அவர் நிற்கவுமில்லை. 1909இல் கணவர் மறைந்த பின், பாகல்பூரில் ஐந்து மாணவியருடன் பள்ளி தொடங்கினார். 1911இல் கல்கத்தாவில் எட்டுப் பேருடன் மீண்டும் தொடங்கினார். 1932இல் மறையும்வரை அப்பள்ளியே அவர் வாழ்வாயிற்று.

அந்த அன்பருக்கு நான் சொன்ன பதில் இதுதான்: "ஊரை விடுங்கள், விடுதியை விசாரியுங்கள்." 2021 டிசம்பரில் விடுதி உணவு நஞ்சாகிப் பெண்கள் நோயுற்றதும், தோழியர் ஸ்ரீபெரும்புதூர் அருகே நெடுஞ்சாலையில் அமர்ந்து நீதி கேட்டதும் நாடறிந்தவை. தந்தையின் கவலை நியாயமானதே. ஆனால் அதற்கு மருந்து மகளை அடைத்துவைப்பதன்று; அவள் இருக்குமிடத்தைச் சீராக்கக் கோருவதேயாகும். மேலும், அவளை வேலையோடு நிறுத்திவிடாமல் மேற்படிப்புக்கும் வழிசெய்ய வேண்டும். ரொக்கையாவின் கனவு நாட்டில் பெண்கள் கருவிகளைப் பூட்டுகிறவர்கள் மட்டுமல்லர்; அவற்றைக் கண்டுபிடித்தவர்களும் அவர்களே.