ஆரல்வாய்மொழிக்கு அந்தப் பக்கம்

2025இல் என் பழைய மாணவி ஒருத்திக்கு டேராடூனில் வேலை கிடைத்தது. புதிதாகக் குடிவருபவர்களுக்கென்று அலுவலகத்தில் ஒரு குறிப்புத்தாள் அனுப்பியிருந்தார்கள். வண்டிப் பதிவு, வாடகை ஒப்பந்தம், ஆதாரில் முகவரி மாற்றம். "மாநிலம் மாறினா வேற என்ன சட்டம் மேம் மாறும்?" என்று தொலைபேசியில் கேட்டாள். எனக்குப் பாட்டியின் நினைவு வந்தது.

பாட்டி குழித்துறைக்காரி. 1944இல் பாளையங்கோட்டைக்கு வாழ்க்கைப்பட்டாள். குழித்துறை அன்று திருவிதாங்கூர் சமஸ்தானம். ஆரல்வாய்மொழியைத் தாண்டினால் சென்னை மாகாணம். அவளுடைய அப்பா 1947இல் இறந்தபோது, சீதனம் கொடுத்தாயிற்று, வேறு பங்கில்லை என்று அண்ணன்மார் சொல்லிவிட்டார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. 1916இன் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம் அப்படித்தான் இருந்தது: மகனுடைய பங்கில் கால்வாசி அல்லது 5000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அது மகளுக்கு. சீதனம் கொடுத்திருந்தால், கொடுப்பதாக வாக்களித்திருந்தாலே போதும், அதுவும் கிடையாது. விதவைக்கு ஆயுள் உரிமை மட்டும். மறுமணம் செய்தால் அதுவும் போயிற்று.

பாளையங்கோட்டையில் பாட்டியின் நாத்தனாருக்கோ 1925இன் இந்திய வாரிசுரிமைச் சட்டம். அண்ணன் தம்பிக்குச் சமமான பங்கு. ஒரே சபை, ஒரே பைபிள், ஒரே அடுக்களை. சட்டம் மட்டும் வேறு. பாளையங்கோட்டைக்கு வந்துவிட்டதால் பாட்டிக்கு ஏதும் மாறியதா என்றால் இல்லை. அசையாச் சொத்துக்கு நிலம் எங்கே கிடக்கிறதோ அந்த இடத்துச் சட்டம். அசையும் சொத்துக்கு, இறந்தவர் எங்கே நிலையாகக் குடியிருந்தாரோ அங்குள்ள சட்டம். மகள் எங்கே வாழ்கிறாள் என்பதை யாரும் கேட்பதில்லை.

அந்த எல்லைக்கோடு ஒரு பெண்ணைக் காப்பாற்றியதும் உண்டு. கணவரைப் பிரிந்து இரண்டு பிள்ளைகளோடு ஊட்டியில் தன் தந்தையின் வீட்டில் தங்கியிருந்த மேரி ராயை, திருவிதாங்கூர் சட்டத்தைக் காட்டி, உனக்கு இங்கே உரிமையில்லை என்று குடும்பமே வெளியேற்றப் பார்த்தது. வழக்கறிஞர் ஒருவரைத் தேடிப்பிடித்து விசாரித்தபோதுதான் அந்தச் சட்டம் தமிழ்நாட்டில் செல்லாது என்று தெரிந்தது. வீடு ஊட்டியில் இருந்ததால் பிழைத்தார். அதே வீடு கோட்டயத்தில் இருந்திருந்தால்?

பிறகு அவர் கோட்டயத்துக்கே போய்ப் பள்ளிக்கூடம் நடத்தினார், உச்சநீதிமன்றத்துக்கும் போனார். 1986 பிப்ரவரி 24 அன்று தீர்ப்பு வந்தது. 1951 ஏப்ரல் 1 முதலே இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான் அங்கும் செல்லும் என்றது நீதிமன்றம். அதாவது முப்பத்தைந்து ஆண்டுகளாக, இல்லாத சட்டத்தைச் சொல்லிப் பெண்களை ஏமாற்றியிருக்கிறார்கள். தீர்ப்பு வாங்கிய பின்னும் தன் பங்கு கைக்கு வர மேரி ராய் இருபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தார்.

இந்துப் பெண்களின் கதையும் மாநிலத்துக்கு மாநிலம் வேறாகத்தான் இருந்தது. பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பிறப்புரிமையை ஆந்திரம் 1986இல் கொடுத்தது. தமிழ்நாடு 1989இல் கொடுத்தது, அந்த ஆண்டு மார்ச் 25க்கு முன் கல்யாணமானவர்களை விட்டுவிட்டு. (பிப்ரவரியில் தாலி கட்டிக்கொண்டவள் என்ன பாவம் செய்தாளோ.) கர்நாடகமும் மகாராஷ்டிரமும் 1994இல். நாடு முழுவதற்கும் 2005இல்தான்.

மாணவிக்கு இவ்வளவையும் சொல்லி முடித்தேன். பொறுமையாகக் கேட்டவள், தன் கேள்வி சொத்தைப் பற்றியது இல்லை என்றாள். அங்கே தோழனோடு ஒரே வீட்டில் இருக்கப் போகிறாளாம். உத்தரகாண்டின் பொது சிவில் சட்டம் 2025 ஜனவரி 27 அன்று நடைமுறைக்கு வந்தது. கல்யாணமில்லாமல் சேர்ந்து வாழ்பவர்கள், வெளிமாநிலத்தவரானாலும், ஒரு மாதத்துக்குள் பதிவு செய்ய வேண்டும். தவறினால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது அபராதம்.

"பதிவு பண்ணினா அப்பாவுக்குத் தகவல் போயிடுமா மேம்?"

"உனக்கு என்ன வயசு இப்போ?"

"இருபத்தி மூணு."

இருவரில் ஒருவர் இருபத்தொன்றுக்குக் கீழே இருந்தால்தான் பெற்றோருக்குச் சொல்வார்கள், உனக்கு வேண்டியதில்லை என்றேன். பதிவின் நகல் உள்ளூர்க் காவல் நிலையத்துக்குப் போகும் என்பதையும் சொன்னேன்.