அடைப்புக்குறிக்குள்ள இருந்த அதிகாரம்

அமெரிக்காவில் ஆவணம் இல்லாதவருக்கு வேலை கொடுத்தால், அந்த முதலாளியைத் தண்டிப்பது யார்? குடியேற்றம்னாலே வாஷிங்டன் விவகாரம், மாநிலத்துக்கு அதுல என்ன வேலைன்னுதான் நானும் நினைச்சிருந்தேன். வரலாறு அவ்வளவு நேர்க்கோட்டில் இல்லை.

1952-ல் வந்த மத்தியச் சட்டம், ஆவணமில்லாதவருக்கு அடைக்கலம் கொடுப்பது குற்றம் என்றது. ஆனா வேலை கொடுக்கறது அடைக்கலத்துல சேராதாம்! 'டெக்சஸ் விதிவிலக்கு'ன்னு அதுக்குப் பேரு. வேலை செஞ்சவரை நாடு கடத்தலாம். கொடுத்தவர் மேல கை வைக்க முடியாது.

1971-ல் கலிபோர்னியா தானே ஒரு சட்டம் போட்டது. உள்ளூர்த் தொழிலாளிகளுக்குப் பாதிப்பு வரும் என்றால், தெரிந்தே ஆவணமில்லாதவரை வேலைக்கு வைக்கக் கூடாது. அதை வச்சு கோர்ட்டுக்குப் போனது யாரு தெரியுமா? பண்ணைக் கூலித் தொழிலாளிகள். எங்க வேலை போச்சுன்னு லேபர் கான்ட்ராக்டர்கள் மேல வழக்கு. மாநில நீதிமன்றங்கள் அந்தச் சட்டமே செல்லாது என்றன. 1976-ல், 'டி கானாஸ் எதிர் பைக்கா' வழக்கில், உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அதை மாற்றியது: வேலை உறவுகளை ஒழுங்குபடுத்த மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு.

பத்து வருஷம் கழிச்சு, 1986-ல, ரீகன் கையெழுத்துப் போட்ட சட்டம் நாடு முழுக்க முதலாளிகளுக்குத் தண்டனை கொண்டுவந்தது. 'ஐ-9' படிவம் அப்ப வந்ததுதான். இனி மாநிலங்கள் தனியாகத் தண்டிக்கக் கூடாது என்றும் அது சொன்னது. ஆனா நடுவுல, அடைப்புக்குறிக்குள்ள ஒரு விலக்கு: லைசென்ஸ் சட்டங்கள் தவிர.

இருபத்தோரு வருஷம் கழிச்சு அரிசோனா அதைப் பிடிச்சுக்கிச்சு. 2007-ல் வந்த அதன் சட்டப்படி, தெரிந்தே வேலை கொடுத்து இரண்டாவது முறை மாட்டினால் தொழில் லைசென்ஸே ரத்தாகலாம். அமெரிக்க வர்த்தக சபை எதிர்த்தது. 2011-ல் 5-3 என்று அரிசோனா ஜெயித்தது. அதாவது, மாநிலம் அபராதம் போட முடியாது. ஆனா கடையையே மூடலாம்!

அதே அரிசோனா, ஆவணமில்லாதவர் வேலை தேடுவதையே குற்றமாக்கியது. 2012-ல் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 1986-ல் நாடாளுமன்றம் யோசித்தே தொழிலாளியை விட்டு முதலாளியைக் குறிவைத்தது என்பது காரணம். 2020-ல் கன்சாஸ் வழக்கு, 5-4. அடுத்தவர் சோஷியல் செக்யூரிட்டி நம்பரை வரிப் படிவத்தில் எழுதிய தொழிலாளியை மாநிலம் தண்டிக்கலாம் என்று தீர்ப்பு.

மத்தியா மாநிலமான்னு மட்டும் பார்த்தா பாதிக் கதைதான் தெரியும். அதனால இந்த மாதிரித் தீர்ப்பு வந்தா நான் முதல்ல தேடறது ஒண்ணுதான்: தண்டனை யார் மேல விழுது, வேலை கொடுத்தவர் மேலயா, செஞ்சவர் மேலயா? நீங்களும் அப்படிப் படிச்சுப் பாருங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.