சாமோஸ் அரிஸ்டார்க்கசும் சூரிய மையக் கொள்கையும்

பூமி சூரியனைச் சுற்றுகிறது என்ற கொள்கையை முதலில் முன்வைத்தவராக அறியப்படுபவர், ஏஜியன் கடலில் உள்ள சாமோஸ் தீவின் அரிஸ்டார்க்கஸ் (ஏறத்தாழ கி.மு. 310–230). பூமி அசைகிறது என்ற எண்ணம் அவருக்கு முன்பே கிரேக்கரிடம் இருந்தது. பித்தாகரஸ் மரபினரான பிலோலாஸ், பூமி ஒரு மைய நெருப்பைச் சுற்றுவதாகக் கருதினார். ஆனால் அந்த நெருப்பு சூரியனன்று. பூமி தன் அச்சில் சுழல்வதாக ஹெராக்ளிடீஸ் கூறினார்.

அரிஸ்டார்க்கசின் நூல்களில் எஞ்சியிருப்பது ஒன்றே. சூரிய சந்திரரின் பருமனையும் தொலைவையும் ஆராயும் அந்நூலில் சூரிய மையக் கொள்கை பற்றி ஒரு சொல்லும் இல்லை. அதன் முறையோ எளிமையும் அழகும் கொண்டது. சந்திரன் சரிபாதி ஒளிரும்போது பூமி, சந்திரன், சூரியன் மூன்றும் ஒரு செங்கோண முக்கோணமாக அமையும்; செங்கோணம் சந்திரனிடத்தில் இருக்கும். அப்போது பூமியிலிருந்து காணும் சூரிய சந்திரர் இடைக்கோணத்தை 87 பாகை எனக் கொண்டு, சூரியன் சந்திரனைப்போல் 18 முதல் 20 மடங்கு தொலைவில் இருப்பதாக நிறுவினார். உண்மையான கோணம் 89 பாகை 50 கலைக்குச் சற்று மேல். தொலைவு ஏறத்தாழ 390 மடங்கு. செங்கோணத்தை நெருங்கும் இடத்தில் கோணத்தில் நேரும் சிறு பிழையும் விடையைப் பெரிதும் மாற்றிவிடும். வடிவியலில் குறையில்லை, அளவீடுதான் தவறியது.

சந்திர கிரகணத்தில் விழும் பூமி நிழலின் அகலத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு, சூரியனின் விட்டம் பூமியினுடையதைப்போல் 6 மடங்குக்கு மேல் என்றார். இன்றைய கணக்கில் 109 மடங்கு. இவ்வளவு பெரியது சிறிய பூமியைச் சுற்றுவது பொருந்தாது என்ற எண்ணமே அவரைப் புதிய கொள்கைக்கு இட்டுச் சென்றது என்று பலர் எழுதுகின்றனர். ஏற்கத்தக்க ஊகம்தான், ஆனால் அவர் எழுத்தில் அதற்குச் சான்றில்லை.

கொள்கையைக் காப்பாற்றித் தந்தவர் ஆர்க்கிமிடிஸ். அண்டத்தை நிரப்பத் தேவையான மணல் துகள்களைக் கணக்கிட்டு, சிராக்கியூஸ் அரசர் கெலோனுக்கு எழுதிய நூலில் அவர் இதைக் குறிப்பிடுகிறார்: விண்மீன்களும் சூரியனும் அசையாதவை, பூமி சூரியனை வட்டமாகச் சுற்றுகிறது, விண்மீன் கோளத்தின் முன் அந்த வட்டம் வெறும் புள்ளியளவே. ஆர்க்கிமிடிசுக்குத் தேவைப்பட்டது மிகப் பெரிய ஓர் அண்டம். கொள்கை சரியா என்று அவர் வாதிடவில்லை.

அந்தப் பெருந்தொலைவு அரிஸ்டார்க்கசுக்குத் தவிர்க்க முடியாதது. பூமி நகர்ந்தால் அண்மை விண்மீன்கள் இடம்பெயர்ந்து தோன்ற வேண்டும்; அந்த இடமாறு தோற்றம் யார் கண்ணுக்கும் புலப்படவில்லை. அண்டத்தின் அடுப்பங்கரையான பூமியை அசைத்தார் என்று இவர்மீது இறைநிந்தைக் குற்றம் சாட்ட வேண்டும் எனத் தத்துவவாதி கிளியாந்தஸ் கருதியதாகப் புளூட்டார்க் கூறுகிறார். வழக்கு நடந்ததற்குச் சான்றில்லை. கொள்கை தேங்கியதற்குச் சமயப் பகையைவிட இந்தப் புலப்படாத இடமாற்றமும் அன்றைய இயற்பியலுமே வலுவான காரணங்கள். கி.மு. 2ஆம் நூற்றாண்டின் வானியலாளர் செலூக்கஸ் சூரிய மையக் கொள்கையை உறுதியாக ஏற்றார், கி.பி. 2ஆம் நூற்றாண்டில் தாலமி பூமியை மீண்டும் நடுவில் நிலைநிறுத்தினார்.

பிற்காலத்தில் சூரிய மையக் கொள்கையை மீண்டும் முன்வைத்த கோப்பர்நிக்கஸ் தம் நூலின் கைப்படியில் அரிஸ்டார்க்கசைப் பூமியின் இயக்கத்தோடு இணைத்துக் குறிப்பிட்டிருந்தார். 1543இல் அச்சான நூலில் அப்பகுதி இல்லை. அன்று புலப்படாத விண்மீன் இடமாற்றத்தை, 61 சிக்னி என்ற விண்மீனில் வானியலாளர் பெஸ்ஸல் அளந்து 1838இல் அறிவித்தார். அது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு விகலை. வெறுங்கண்ணால் எவரும் கண்டிருக்க முடியாத அளவு.