பள்ளத்தின் அகலமும் பயிற்சியின் போதாமையும்: முன் குறுக்குத் தசைநார்க் காயத்தில் உடலமைப்பு விளக்கத்தின் எல்லை

2023ஆம் ஆண்டு மகளிர் கால்பந்து உலகக் கோப்பையில் இங்கிலாந்தின் பெத் மீட், லியா வில்லியம்சன், நெதர்லாந்தின் விவியான் மீடெமா ஆகிய மூவரும் ஆடவில்லை. மூவருக்கும் முழங்காலின் முன் குறுக்குத் தசைநார் அறுந்திருந்தது. மூவரும் அப்போது ஆர்செனல் அணியினர். அதே பருவத்தில் அவ்வணியின் லாரா வீன்ராய்தருக்கும் அதே காயம். பெண்களின் இடுப்பு அகலம், முழங்கால் உட்புறம் சாய்கிறது என்ற பழைய விளக்கம் மறுபடி புழக்கத்துக்கு வந்தது. ஓர் அணியில் இத்தனை பேர் வீழ்ந்தது தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால் அந்தப் பருவத்தில் மட்டும் யாருடைய இடுப்பும் அகன்றுவிடவில்லை.

கால்பந்து, கூடைப்பந்து ஆட்டங்களில் ஆண்களைவிடப் பெண்களுக்கு இக்காயம் இரண்டு மூன்று மடங்கு நேர்கிறது என்பதில் ஐயமில்லை. காரணத்தை எலும்பில் மட்டும் தேடுவதையே இக்கட்டுரை மறுக்கிறது.

இத்தசைநார் தொடை எலும்பின் வெளிமுண்டிலிருந்து இரு முண்டுகளுக்கும் இடைப்பட்ட பள்ளத்தின் வழியே முன்னோக்கி இறங்கி, கீழ்க்கால் எலும்பின் மேற்பரப்பில் பதிகிறது. அப்பரப்பின் உட்பாதி சற்றுக் குழிந்தது. வெளிப்பாதி குவிந்து பின்னோக்கிச் சரிந்தது. உடலின் எடை சட்டென விழும்போது தொடை எலும்பின் வெளிமுண்டு அச்சரிவில் பின்வாங்குகிறது. கீழ்க்கால் எலும்பு முன்னே நகர்ந்து உட்புறம் திரும்புகிறது. கால் ஏறக்குறைய நீண்டிருந்தால் தொடையின் முன்தசையும் அதை முன்னே இழுக்கிறது. பின்தசைதான் எதிர்ப்பிடி, அந்நிலையில் அதன் இழுகோணமோ சாதகமாக இல்லை. ஆகவே யாரும் மோதாமலே, ஓடிவந்து திரும்பும் ஒரு கணத்தில், தசைநார் அறுகிறது.

பள்ளம் குறுகியவர்களுக்கு ஆபத்து அதிகம் என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் குறுகிய பள்ளத்தில் பெரும்பாலும் மெல்லிய தசைநாரே இருக்கிறது. பள்ளத்தின் விளிம்பு உராய்ந்து அறுக்கிறதா, மெலிந்தது என்பதால் அறுகிறதா? பள்ளத்தின் அகலத்தை மட்டும் அளந்து இதற்கு விடை காண முடியாது. அகன்ற இடுப்பால் முழங்காலில் உண்டாகும் கோணத்தைக் காரணமாகக் காட்டுவது இன்னும் பலவீனமானது: அசையாமல் நிற்பவரிடம் எடுத்த அளவு, குதித்து இறங்குபவரின் முழங்கால் எப்படிச் சாயும் என்பதைச் சரிவரச் சொல்வதில்லை.

காயத்தின் காணொளிகளை அளந்த 2010ஆம் ஆண்டு ஆய்வொன்று, பாதம் தரையைத் தொட்ட சுமார் 40 மில்லி விநாடிக்குள் தசைநார் அறுந்திருக்கக்கூடும் எனக் கணித்தது. தசை உணர்ந்து எதிர்வினை புரிய அந்நேரம் போதாது. பாதம் தரையைத் தொடும் முன்பே அது இறுகியிருக்க வேண்டும். முன்கூட்டியே இறுகும் அப்பழக்கத்தைப் பயிற்சியால் ஊட்டலாம். சுவீடனில் 12 முதல் 17 வயதுவரையான 4,564 கால்பந்துச் சிறுமியரிடம் நடந்த சோதனையின் முடிவு 2012இல் வெளியானது. வாரம் இருமுறை, 15 நிமிடத் தசைக் கட்டுப்பாட்டுப் பயிற்சி செய்த அணிகளில் இக்காயம் 64 விழுக்காடு குறைந்தது. அச்சிறுமியரின் எலும்புகள் அப்படியே இருந்தன.

எலும்பின் வடிவமே சிகிச்சைக்கு உரியதாகும் இடமும் உண்டு. கீழ்க்கால் எலும்பின் பின்சரிவு 12 பாகையைத் தாண்டி, மாற்றிப் பொருத்திய தசைநாரும் மீண்டும் அறுந்தவர்களுக்குச் சில அறுவை வல்லுநர்கள் எலும்பை ஆப்பு வடிவில் வெட்டிச் சரிவைக் குறைக்கிறார்கள். காயமே படாத முழங்காலில் அந்த அறுவையை யாரும் பரிந்துரைப்பதில்லை.