கொல்லா நாள்: ஒருநாட் புலால் மறுப்பின் வரலாறு

புலாலை வாழ்நாள் முழுதும் மறுத்தல் துறவோர்க்கும், வழிவழியாக அவ்வொழுக்கத்தில் நின்ற குடியினர்க்கும் இயல்பாயிற்று. ஏனையோர் அதனை நாள் குறித்தே கைக்கொண்டனர். வெள்ளிக்கிழமைகளிலும் கந்தசட்டி, திருவெம்பாவைக் காலங்களிலும் யாழ்ப்பாணத்து இல்லங்கள் பலவற்றில் மச்சச் சட்டி ஒதுக்கப்பட்டு, மரக்கறிக்கென வேறாக வைத்த சட்டி அடுப்பேறும். இவ்வழக்கம் தனியொருவர் நோற்கும் விரதமென்றே பெரும்பாலும் எண்ணப்படுகின்றது. ஆயின் அரசர் ஆணையாகவும் இதற்கு நெடிய வரலாறு உண்டு.

கௌடிலியரின் அர்த்தசாத்திரத்தில், புதிதாக வென்ற நாட்டினரின் மனத்தைத் தன்பால் திருப்பும் வழிகளைக் கூறுமிடத்தில் இச்செய்தி வருகின்றது. சாதுர்மாசியக் காலங்களில் அரைத் திங்களும், பௌர்ணமிகளில் நான்கு இரவும், அரசனுக்கும் நாட்டிற்கும் உரிய நட்சத்திர நாளில் ஓரிரவும் கொலை விலக்கப்படல் வேண்டும் என்கிறது அந்நூல். இங்கு அருளினும் அரசியற் சூழ்ச்சியே மிகுந்து நிற்றல் வெளிப்படை.

அசோகன் செய்தது வேறு. அவன் முதலிற் சீர்திருத்தியது தன் அடுக்களையையே. முன்னாளில் அரசனது மடைப்பள்ளியிற் கறிக்கென நாடோறும் பன்னூறாயிரம் உயிர்கள் கொல்லப்பட்டன என்றும், இப்பொழுது மயில் 2, மான் 1 ஆக மூன்றே கொல்லப்படுகின்றன என்றும், மான்தானும் எந்நாளும் இல்லை என்றும் முதலாம் பாறைச் சாசனம் கூறுகின்றது. இம்மூன்றும் இனிக் கொல்லப்படா என்பது அதன் முடிவு. பேரரசன் ஒருவன் தன் உணவுக் கணக்கை, இன்னும் விட்டொழியாத மயிலிறைச்சி உட்பட, ஊரறியக் கல்லில் வெட்டுவித்தமை வியத்தற்குரியது. 1958ஆம் ஆண்டிற் காந்தகாரிற் கண்டெடுக்கப்பட்ட கிரேக்க, அரமேய மொழிச் சாசனமோ, அரசன் உயிர்க்கொலை தவிர்ந்தான், அவனுடைய வேடரும் மீனவரும் தம் தொழிலை நிறுத்தினர் என்று சுருங்க உரைக்கின்றது.

நாள் குறித்த விலக்கு, முடிசூடி 26 ஆண்டு கழிந்தபின், கி. மு. 243 அளவில் எழுந்த ஐந்தாம் தூண் சாசனத்திற் காணப்படுகின்றது. கிளி, நாகணவாய், வௌவால், ஆமை, முள்ளம்பன்றி முதலாகக் கொல்லத்தகாதனவற்றின் நீண்ட பட்டியல் முதலில் வருகின்றது. குட்டி ஈன இருப்பதும் பாலூட்டுவதுமாகிய ஆடும் பன்றியும், ஆறு திங்கள் நிறையாத அவற்றின் குட்டிகளும் காக்கப்பட்டன. சேவலுக்கு விதையடித்தல் கூடாது. உயிரினங்கள் உறையும் உமியைத் தீயிடுதலும் கூடாது. அதன்பின்னரே நாட்கள் கூறப்படுகின்றன: மூன்று சாதுர்மாசியப் பௌர்ணமிகளிலும் திஷ்யப் பௌர்ணமியிலும் மும்மூன்று நாளும், உபோசத நாட்களிலும் மீனைக் கொல்லவோ விற்கவோ ஆகாது. ஆண்டொன்றுக்கு இவை 56 நாளாகும் என வின்சன்ற் சிமித் கணக்கிட்டார். திஷ்யம் என்பது பூசமே. அது அசோகனுக்குரிய நட்சத்திரமாதல் கூடும் என்று கருதுவர் சிலர். அங்ஙனமாயின் அர்த்தசாத்திர விதியின் சாயல் இங்கும் படிந்துள்ளது எனலாம்.

இவ்வாணையால் விளைந்த பயன் யாது? விடையை அரசனே தருகின்றான். மறு ஆண்டிற் பொறித்த ஏழாம் தூண் சாசனத்தில், மக்களிடையே அறம் வளர்வதற்கு விதி, மனத்தெளிவு என இரு வழிகளைக் கூறி, இன்னின்ன உயிர் கொல்லத்தகா என்னும் விதியாற் பெற்றது சிறிதே, மக்கள் தாமே எண்ணித் தெளிந்ததனாற் பெற்றது பெரிது என்கின்றான். ஆணையிட்டவனே ஆணையின் எல்லையை அளந்துரைத்த இவ்விடமே அச்சாசனங்கள் அனைத்திலும் உயர்ந்தது எனல் மிகையாகாது.

இலங்கையில் இவ்விலக்கு நாளளவைக் கடந்தது. கி. பி. முதலாம் நூற்றாண்டில் ஆண்ட ஆமண்டகாமணி அபயன் தீவு முழுவதும் கொலையை விலக்கினான் என்று மகாவம்சம் கூறும். அவ்வாணைக்கு அந்நூல் வழங்கும் சொல் ‘மாகாத’ என்பது. கொல்லற்க என்பது அதன் பொருள். அவ்விடத்திலேயே அவன் கொடிக்காய் வகைகளைத் தீவெங்கும் நடுவித்தமையும், பிக்குகளின் பாத்திரங்களைப் பூசணியினக் காய்களால் நிரப்பியமையும் சொல்லப்படுகின்றன. ஒன்றை விலக்குவோன் அதற்கு ஈடாக மற்றொன்றைக் கலத்தில் இடவேண்டும் என்பதை அவ்வரசன் உணர்ந்திருந்தான் போலும்.

இக்காலத்திலும் இந்நாட்டிற் போயா நாட்களில் இறைச்சிக்கடைகள் மூடப்படுகின்றன. 1966 முதல் 1971 வரை போயா நாளே ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றாக வார விடுமுறையாகவும் இருந்தது. அசோகன் மீன் விற்பனையைத் தடுத்ததுபோல, இவ்விலக்கும் விற்போனைத் தடுத்தே உண்போனை அடைகின்றது. திருக்குறளின் புலால் மறுத்தல் அதிகாரமோ, தின்போர் இல்லையாயின் விற்போரும் இல்லை என எதிர்முனையிலிருந்து வாதிடுகின்றது. யாழ்ப்பாணத்து மீன்சந்தைகள் வெள்ளிக்கிழமையிலும் திறந்தே இருக்கும். அன்று அங்கே வாங்குவோர்தாம் குறைவர்.