பன்னிரண்டாவது வாரம்

மூன்று மாதம் முடியும்வரை வெளியே சொல்லக் கூடாது என்பது நம் வீடுகளில் பாட்டி காலத்துப் பேச்சு. கண் படும் என்பார்கள். கரு நிலைக்குமா என்ற பயம்தான் அதற்கு அடியில் இருப்பது. உறவுக்காரர்களுக்கே இந்தக் கணக்கு என்றால், சம்பளம் கொடுக்கிறவர்களுக்கு எப்போது சொல்வது?

சென்னை அபிராமபுரத்தில் ஏதாவது ஓர் அடுக்ககத்தை எடுத்துக்கொள்வோம். காலை எட்டரைக்கு லேப்டாப் பையோடு தரமணிக்குக் கிளம்புகிறாள் ஒருத்தி. அவள் இறங்கும் படியிலேயே ஏறி வருகிறாள் இன்னொருத்தி. பாத்திரம் தேய்த்து வீடு துடைக்க, கண்ணகி நகரிலிருந்து பஸ் பிடித்து வருகிறவள். இருவருக்கும் நாள் தள்ளிப்போயிருக்கிறது.

முதலாமவளுக்கு அது தேதி பார்க்கிற விஷயம். அப்ரைசலுக்கு முன்பா, பின்பா? புது ப்ராஜெக்டில் பெயர் சேர்ந்த பிறகா? ப்ரோபேஷன் முடியட்டுமா? சட்டம் அவளை அவசரப்படுத்துவதில்லை. 1961-ஆம் ஆண்டின் மகப்பேறு பயன்கள் சட்டம் 2025 நவம்பரில் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டாலும், அதன் விதிகள் ஏறக்குறைய அப்படியேதான் இருக்கின்றன. 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு. அதில் பிரசவத்துக்கு முன்னால் எடுக்கக்கூடியது அதிகபட்சம் எட்டு வாரம். விடுப்புக்கு எழுத்தில் அறிவிப்பு தர வேண்டும். பிரசவத்துக்கு முன் தர முடியாமல் போனால் பின்னால் தரலாம். தராமலே விட்டாலும் உரிமை போகாது. பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதங்களில் 80 நாள் அங்கே வேலை செய்திருந்தால் போதும். மூன்று மாதக் கருவோடு புது வேலையில் சேர்கிறவளுக்குக்கூட இந்த 80 நாள் எட்டிவிடும்.

சேரும்போதே சொல்லியிருக்க வேண்டாமா என்று கேட்பவர்கள் உண்டு. இதற்கு 1991-லேயே உச்ச நீதிமன்றம் பதில் சொல்லிவிட்டது. நீரா மாத்தூர் என்பவர் எல்.ஐ.சி.யில் உதவியாளராகச் சேர்ந்து, ப்ரோபேஷனில் இருக்கும்போதே மகப்பேறு விடுப்பில் போனார். விடுப்பில் இருக்கும்போதே வேலையிலிருந்து நீக்கினார்கள். சேரும்போது நிரப்பிய படிவத்தில் கடைசி மாதவிலக்குத் தேதியைத் தவறாகக் கொடுத்தார் என்பது நிறுவனத்தின் வாதம். நீதிமன்றம் அவரை மறுபடி வேலையில் சேர்க்கச் சொன்னதோடு நிற்கவில்லை. மாதவிலக்கையும் கருவையும் விசாரிக்கும் அந்தக் கேள்விகளையே படிவத்திலிருந்து எடுத்துவிடச் சொன்னது. ஒரு பெண்ணிடம் கேட்கவே கூடாத கேள்வி என்று ஒன்று உண்டு என்பதை அரசு நிறுவனம் ஒன்றுக்கு நீதிமன்றம் சொல்லித்தர வேண்டியிருந்தது.

முப்பது வருஷம் கழித்து அந்தக் கேள்வி வேறு வாசல் வழியாக வந்தது. மூன்று மாதத்துக்கு மேல் கருவுற்றவர்கள் வேலையில் சேரத் தற்காலிகமாகத் தகுதியற்றவர்கள் என்று பாரத ஸ்டேட் வங்கி சுற்றறிக்கை விட்டது; எதிர்ப்பு எழுந்ததும் 2022 ஜனவரி 29 அன்று அதை நிறுத்தி வைத்தது. அதே வருஷம் ஜூனில் இந்தியன் வங்கியின் விதி வெளியே தெரிந்தது. 12 வாரமோ அதற்கு மேலோ ஆகியிருந்தால், பிரசவம் முடிந்து ஆறு வாரம் கழித்து மறு பரிசோதனையில் தேறிய பிறகுதான் வேலையில் சேரலாம் என்றது அது. அந்த வங்கியின் கார்ப்பரேட் அலுவலகம் ராயப்பேட்டை அவ்வை சண்முகம் சாலையில், அபிராமபுரத்திலிருந்து அதிகத் தொலைவில்லாமல் இருக்கிறது. பாட்டி சொன்ன மூன்று மாதமும் வங்கி எழுதிய 12 வாரமும் ஒரே அளவு. முன்னது கருவைக் காக்க வைத்த எல்லை. பின்னது அவளைக் கதவுக்கு வெளியே நிறுத்திய எல்லை.

ஆகவே ஆபீஸ் போகிறவள் தள்ளிப்போடுவதில் நான் குற்றம் காணமாட்டேன். சொல்லும்போது மட்டும் மின்னஞ்சலில் சொல்லுங்கள் என்பேன். பின்னாளில் யாருக்கு எப்போது தெரியும் என்ற கேள்வி வந்தால், மேனேஜர் அறையில் வாயால் சொன்னதற்குச் சாட்சி இருக்காது. பிரிட்டனில் 2024 ஏப்ரலிலிருந்து, கருவுற்றதை முதலாளியிடம் சொன்ன நாளிலிருந்தே ஆட்குறைப்பில் அவளுக்கு முன்னுரிமைப் பாதுகாப்பு தொடங்கிவிடுகிறது. அங்கே சீக்கிரம் சொல்வதால் லாபம். இங்கே சட்டம் அப்படி ஒரு தூண்டுதலைத் தரவில்லை.

இப்போது படியேறி வருகிறவளிடம் வருவோம். அவளுக்கும் ஒரு 12 வாரம் உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் 18,000 ரூபாய் மதிப்புள்ள உதவி கிடைக்க, அந்த 12 வாரத்துக்குள் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் கருவைப் பதிவுசெய்து எண் வாங்க வேண்டும். பிறப்புச் சான்றிதழுக்கும் அந்த எண்ணைக் கேட்பார்கள். அடையாறில் அவ்வை இல்லத்தையும் புற்றுநோய் மருத்துவமனையையும் எழுப்பிய அந்த அம்மாளின் பெயரால் அரசு அவளிடம் ‘சீக்கிரம் சொல்லு’ என்கிறது. அவளும் செவிலியரிடம் சொல்லிவிடுகிறாள். வேலை செய்யும் மூன்று வீடுகளில்தான் சொல்வதில்லை.

சொன்னால் என்ன கிடைக்கும்? மகப்பேறு சட்டம் தொழிற்சாலை, தோட்டம், பத்துப் பேருக்குக் குறையாத கடை, அலுவலகம் என்றுதான் பேசுகிறது. வீடு அதில் வராது. பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டையும் பணியிடம் என்று ஒப்புக்கொண்டது. மகப்பேற்றில் அந்த ஒப்புதல் இன்னும் வரவில்லை. பிரசவத்துக்கு முந்தைய ஆறு வாரத்துக்கும் முன்னால் ஒரு மாதம், கடினமான வேலையும் நெடுநேரம் நிற்கும் வேலையும் வேண்டாம் என்று கேட்கும் உரிமை நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்கிறவளுக்கு உண்டு. குத்துக்காலிட்டுத் தரை துடைத்து, ஸ்டூலில் ஏறி ஃபேன் துடைக்கிறவளுக்கு இல்லை. வீட்டுப் பணியாளர்களுக்காக 2007-இல் தமிழ்நாடு அரசு நல வாரியம் அமைத்தது. உறுப்பினரானால் மகப்பேறு உதவித்தொகை உண்டு. வேலை திரும்பக் கிடைக்கும் என்ற உறுதி அதில் கிடையாது.

அவளைப் பொறுத்தவரை சொல்வது என்றால் பதிலாள் கொண்டுவருவது. தங்கை, நாத்தனார், பக்கத்து வீட்டுக்காரி என்று யாரையாவது கூட்டிவந்து ‘நா வர்ற வரைக்கும் இவ செய்வாம்மா’ என்று ஒப்படைக்க வேண்டும். வந்தவள் நன்றாகச் செய்துவிட்டால் இவள் வேலை போயிற்று. மோசமாகச் செய்தாலும் வீட்டுக்காரர்கள் வேறு ஆள் பார்த்துவிடுவார்கள். வாங்கிய கைமாற்று பாக்கியிருக்கும்போது, தீபாவளி இனாம் அடுத்த மாதம் வர இருக்கும்போது, வாயைத் திறக்க அவளுக்கு எந்த வாரமும் நல்ல வாரம் இல்லை.

இதை நான் எங்கள் வீட்டிலேயே பார்த்தேன். ஆறு வருஷமாக வந்துகொண்டிருந்தவள். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்ததைப் பார்த்து என் அம்மா கேட்டபோதுதான் ஆறு மாதம் என்று சொன்னாள். மறுநாளே நாத்தனாரைக் கொண்டுவந்து விட்டாள். நாங்கள் புடவையும் இரண்டாயிரம் ரூபாயும் கொடுத்து அனுப்பினோம். நல்லபடியாகத்தான் நடந்துகொண்டோம் என்று நினைத்தோம். அப்போது நான் பிரசவம் முடிந்து 26 வார விடுப்பில், மாதாமாதம் முழுச் சம்பளம் வாங்கிக்கொண்டு அதே வீட்டில் இருந்தேன். அவளுக்கும் அப்படி ஒரு கணக்கு வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

என் விடுப்பு முடிந்து ஆபீஸ் திரும்பிய வாரம், கைக்குழந்தையோடு வந்து வாசலில் நின்றாள். “அக்கா, நா திங்கக்கெழமைலேந்து வரட்டுமா?” என்று கேட்டாள். உள்ளே அவள் நாத்தனார் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.