கழுத்தைத் தொட்ட கைகள்

ஷிப்டு முடியும் நேரத்தில் ஒசூர் பேருந்து நிலையத்தில் சற்று நின்று பாருங்கள். வேலை முடிந்து வருவோரில் சிலர் பிடரியைக் கையால் அழுத்திக்கொண்டே நடப்பதைக் காண்பீர்கள். தமிழில் கழுத்து, கன்னடத்தில் கத்து, தெலுங்கில் மெட. இந்த எல்லையூரில் சொல் மூன்று, வலி ஒன்றுதான்.

கேழ்வரகு விளைந்த மேட்டுநிலம் இது. 1971இல் தோன்றிய சிப்காட் நிறுவனம் அந்தப் பத்தாண்டிலேயே இங்குத் தொழிற்பேட்டையை அமைத்தது. 1980களில் லாரியும் மொபெடும் கைக்கடிகாரமும் இங்கிருந்து புறப்பட்டன. கடிகாரத்தின் நுண்ணிய சக்கரங்களைப் பூதக்கண்ணாடி வழியே கோப்பவரின் தலை குனிந்தே இருக்கும். உயரத்தில் உள்ள திருகைமுடுக்குபவரின் தலை நிமிர்ந்தே இருக்கும். கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்காய்க் கூடை சுமப்பவருக்கோ பாரமெல்லாம் தலைமேல். மூவருக்கும் ஈடுகொடுப்பது கழுத்துதான்.

இந்த வலிக்கு மனிதன் என்னென்ன செய்து பார்த்தான்? அது 3,500 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட கதை. இன்று உங்கள் கழுத்தை யாரிடம் ஒப்படைக்கலாம் என்று முடிவு செய்யவும் அந்தக் கதை உதவும்.

ஏழு எலும்புகள்

முதலில் கழுத்தின் அமைப்பைப் பார்ப்போம். அதில் ஏழு முள்ளெலும்புகள் உள்ளன. ஒட்டகச்சிவிங்கியின் நெடுங்கழுத்திலும் ஏழுதான்! ஏறத்தாழ 5 கிலோ எடையுள்ள தலையை இவை தாங்குகின்றன. மேலிரண்டு எலும்புகளுக்கிடையே தவிர, மற்றவற்றுக்கிடையே மெத்தை போன்ற வட்டுகள் உண்டு. நடுவே தண்டுவடம் செல்கிறது. மேலுள்ள ஆறு எலும்புகளின் பக்கத் துளைகள் வழியாக மூளைக்குக் குருதி கொண்டுசெல்லும் இரு தமனிகள் ஏறுகின்றன. இந்தத் தமனிகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் மீண்டும் அவற்றைச் சந்திப்போம்.

தலை நேராக இருக்கும்போது அதன் எடை எலும்புகளின் மேல் அமர்கிறது. குனிந்தால் பிடரித் தசைகள் அதை இழுத்துப் பிடிக்கவேண்டும். குடத்தை இடுப்போடு அணைத்துச் சுமப்பதற்கும் கையை நீட்டிப் பிடிப்பதற்கும் உள்ள வேறுபாடு போன்றது இது. தலையை 60 பாகை குனிந்தால் கழுத்தின்மேல் விழும் விசை ஏறத்தாழ 27 கிலோ எடைக்குச் சமம் என்று 2014இல் வெளியான ஒரு கணக்கீடு கூறுகிறது. இது அளந்து கண்டதன்று, கணித்துச் சொன்னதே. எனினும் மணிக்கணக்காகக் குனிந்திருப்பவர் ஏன் களைக்கிறார் என்பது விளங்குகிறதல்லவா?

எகிப்து மருத்துவரின் பாகுபாடு

கழுத்தைப் பற்றிய மிகப் பழைய மருத்துவக் குறிப்புகளுள் ஒன்று எகிப்தில் கிடைத்தது. 1862இல் எட்வின் சுமித் என்பவர் லுக்சார் நகரில் வாங்கிய பாப்பிரசுச் சுருள் அது. கி.மு. 1600ஐ ஒட்டி எழுதப்பட்டது. அதிலுள்ள 48 நோயாளர் குறிப்புகளில் சில கழுத்துக் காயங்களைப் பற்றியவை. கழுத்தில் சுளுக்கு மட்டும் இருந்தால் மருந்திட்டுக் குணப்படுத்தலாம் என்கிறார் அந்த மருத்துவர். எலும்பு விலகி, கைகால் உணர்வும் போய்விட்டால் அது மருத்துவத்துக்கு அப்பாற்பட்டது என்று ஒதுங்கிவிடுகிறார்.

அவருக்கு எக்ஸ்கதிர் கிடையாது. உடற்கூற்று நூலும் கிடையாது. ஆயினும் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று முதலில் கேட்டார். கழுத்து வைத்தியத்தின் முதற்பாடம் அதுவே.

சுளுக்கு எடுப்பவர்கள்

நம் ஊர்களில் சுளுக்கு எடுப்பவரைத் தெரியாதவர் உண்டா? காலால் பிறந்தவர் மிதித்தால் சுளுக்கு விடும் என்ற நம்பிக்கையும் இருந்தது. முடிவெட்டியபின் கழுத்தை இருபுறமும் வெடுக்கெனத் திருப்பிச் சொடக்கு எடுப்பதும் பலருக்குப் பழக்கம். சித்த மருத்துவத்தில் தொக்கணம் என்ற பெயரில் உடலைப் பிடித்துவிடும் முறை உண்டு. வர்மக்கலையும் உடலின் நுட்பமான இடங்களைத் தொட்டு மருத்துவம் செய்வதே.

ஐரோப்பாவிலும் எலும்பு திருத்துவோர் இருந்தனர். படித்த மருத்துவர்கள் அவர்களை இகழ்ந்தார்கள். ஆனால் இங்கிலாந்தின் புகழ்பெற்ற அறுவை மருத்துவர் ஜேம்சு பேஜட், இத்தகையோர் குணப்படுத்தும் நோய்களைப் பற்றி ஓர் உரையே நிகழ்த்தினார். அது 1867இல் அச்சாயிற்று. அவர்களால் விளையும் கேட்டை அவர் மறைக்கவில்லை. அவர்களிடமிருந்து கற்கவேண்டியது உண்டு என்பதையும் மறுக்கவில்லை.

1895: இரண்டு நிகழ்ச்சிகள்

அமெரிக்காவின் டேவன்போர்ட் நகரில் டேனியல் டேவிட் பாமர் என்பவர் காந்த சிகிச்சை செய்துவந்தார். 1895 செப்டம்பர் 18 அன்று, காது கேளாதிருந்த ஹார்வி லில்லர்டு என்ற கட்டடப் பணியாளரின் முதுகெலும்பை அழுத்தித் திருத்தியதாகவும், அவருக்குக் கேட்கும் திறன் மீண்டதாகவும் பாமர் கூறினார். அங்கிருந்து பிறந்ததே கைரோபிராக்டிக். கையால் செய்வது என்ற பொருளுடைய கிரேக்கச் சொற்களால் ஆன பெயர். 1897இல் பாமர் ஒரு பள்ளியும் தொடங்கினார். முள்ளெலும்பு சற்றே பிசகி நரம்பை அழுத்துவதுதான் பெரும்பாலான நோய்களுக்குக் காரணம் என்பது அவருடைய கொள்கை.

இங்கே நீங்கள் ஒரு கேள்வி கேட்கவேண்டும். கேட்கும் நரம்பு முதுகெலும்பின் வழியாகவா செல்கிறது? இல்லை. அது மண்டையோட்டுக்குள்ளேயே மூளைக்குச் சென்றுவிடுகிறது. ஆகவே கைரோபிராக்டிக்கின் முதற்கதையே உடற்கூற்றியலோடு பொருந்தவில்லை. எல்லா நோய்க்கும் எலும்புப் பிசகே காரணம் என்ற கொள்கைக்கும் பின்னாளில் சான்று கிடைக்கவில்லை.

அந்த நிகழ்ச்சிக்குப் பின் ஏழு வாரங்களில், நவம்பர் 8 அன்று, செருமனியில் ராண்ட்ஜன் எக்ஸ்கதிரைக் கண்டுபிடித்தார். உயிருள்ள மனிதனின் முள்ளெலும்பைப் பார்க்க வழி பிறந்தது. ஆனால் அதுவும் ஒரு மயக்கத்தைத் தந்தது. நடுவயதைக் கடந்த பலருக்கு எக்ஸ்கதிர்ப் படத்தில் தேய்மானம் தெரியும். அவர்களுள் பலருக்கு வலியே இராது. படத்தில் தெரிவதெல்லாம் வலிக்குக் காரணமன்று. "எலும்பு தேய்ந்துவிட்டது" என்று கேட்டதும் மனம் தளரவேண்டியதில்லை.

வழக்கும் ஆய்வும்

அமெரிக்க மருத்துவச் சங்கம் கைரோபிராக்டிக் முறையினரைப் பல ஆண்டுகள் ஒதுக்கிவைத்தது. 1976இல் செஸ்டர் வில்க் முதலியோர் வழக்குத் தொடுத்தனர். இந்த ஒதுக்கல் சட்டவிரோதமானது என்று 1987இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முறை விஞ்ஞானபூர்வமானது என்று அத்தீர்ப்பு சான்றளித்துவிடவில்லை. நோய் தீருமா என்பதை நீதிமன்றத்தில் அல்ல, ஆய்வில்தான் காணவேண்டும்.

அத்தகைய ஓர் ஆய்வு அமெரிக்காவில் நடந்து 2012இல் வெளியாயிற்று. கழுத்துவலி கண்டு அதிக நாள் ஆகாத 272 பேரை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினருக்கு முள்ளெலும்பைக் கையால் திருத்தும் சிகிச்சை. இரண்டாம் பிரிவினருக்கு மாத்திரை. மூன்றாம் பிரிவினருக்கு வீட்டிலேயே செய்யும் எளிய பயிற்சி. 12 வாரம் கழித்துப் பார்த்தபோது கைச்சிகிச்சை மாத்திரையைவிட நல்ல பலன் தந்திருந்தது. ஆனால் வீட்டுப் பயிற்சியும் ஏறத்தாழ அதே பலனைத் தந்திருந்தது! அதைக் கற்றுக்கொடுக்க இரண்டே சந்திப்புகள் போதுமாயிருந்தன.

இது ஒசூர்த் தொழிலாளிக்கு எவ்வளவு பெரிய செய்தி! ஒருநாள் சம்பளத்தை இழந்து திரும்பத் திரும்பச் சிகிச்சைக்குப் போகமுடியாதவருக்கும் வழி இருக்கிறது. டென்மார்க்கில் அலுவலகப் பணியாளர் 198 பேரிடம் நடந்த இன்னோர் ஆய்வு 2011இல் வெளியாயிற்று. ரப்பர் பட்டையை இழுத்துத் தோள் தசைக்கு நாள்தோறும் 2 நிமிடம் பயிற்சி தந்தாலே, 10 வாரத்தில் வலி குறைவதை அது காட்டியது.

எதைத் தொடக்கூடாது?

இப்போது அந்த இரு தமனிகளுக்கு வருவோம். கழுத்தை வெடுக்கெனத் திருப்பும்போது, அரிதாக, அவற்றின் உட்சுவர் கிழியலாம். அதனால் பக்கவாதமும் வரலாம். அரிது என்பதால் அஞ்சி நடுங்கவேண்டாம். ஆனால் வந்தால் மீட்பது கடினம். ஆகவே சொடக்குச் சுகத்துக்காகக் கழுத்தை யார் கையிலும் கொடுக்கவேண்டாம். நம் நாட்டில் கைரோபிராக்டிக்குக்கெனத் தனிச் சட்டம் கிடையாது. இயன்முறை மருத்துவம் 2021ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடம்பெற்றுள்ளது. உங்கள் கழுத்தைத் தொடுபவரிடம், "எங்கே, எத்தனை ஆண்டு படித்தீர்கள்?" என்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

கை மரத்துப்போதல், பிடி தளர்தல், சட்டைப் பொத்தான் போடத் தடுமாறுதல், நடை தள்ளாடுதல், சிறுநீர் கட்டுப்படாமை, காய்ச்சல், உடல் மெலிதல் - இவற்றில் ஏதேனும் கழுத்துவலியோடு இருந்தாலும், விழுந்தோ விபத்திலோ அடிபட்டிருந்தாலும், பிடித்துவிடவோ திருப்பவோ கூடாது. உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். திடீர்க் கடும்வலியோடு தலைசுற்றலும் பேச்சுக்குழறலும் வந்தாலும் அப்படியே. எகிப்து மருத்துவர் கேட்ட கேள்வி இன்றும் நமக்குத் துணை.

மற்றக் கழுத்துவலிகளில் பெரும்பாலானவை சில வாரங்களில் தணியக்கூடியவை. வெந்நீர் ஒத்தடம் இடலாம். படுக்கையில் முடங்காமல் மெல்ல அசையுங்கள். கழுத்துப்பட்டையை மாதக்கணக்கில் அணிந்தால் தசை வலுவிழக்கும். தலையணை கழுத்தைத் தாங்கவேண்டும், மடக்கக்கூடாது.

இறுதியாக ஒருவரை நினைவுகூர்வோம். இத்தாலியரான ரமசினி 1700இல் தொழிலாளர் நோய்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். மருத்துவர் நோயாளியிடம் கேட்கும் கேள்விகளோடு, "உன் தொழில் என்ன?" என்பதையும் சேர்க்கச் சொன்னவர் அவர். கழுத்து நோகும் தொழிலாளிக்கு அந்தக் கேள்வியில்தான் பாதி மருந்து இருக்கிறது. மேசையை நான்கு விரற்கடை உயர்த்தினால், வேலையை மணிக்கொருமுறை மாற்றிக் கொடுத்தால், எந்தக் கையும் தொடாமலே பல கழுத்துகள் நிமிரும்.

இதைப் படித்து முடித்த நீங்கள் எப்படி அமர்ந்திருக்கிறீர்கள்? தலையைச் சற்று உயர்த்துங்கள். தோளைத் தளர்த்துங்கள். எழுந்து நான்கு அடி நடந்துவிட்டு வாருங்கள்.